கோணி வைத்த நீலக் கால்

எழுபதுகளின் நடுவில், அம்பத்தூர் தொழிற்பேட்டையை ஒட்டிய மண்ணூர்பேட்டையில் நடந்தது இது. அப்போது எனக்குக் கல்யாண வயது. ஆனால் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. காரணம் என் இடது கால். குழந்தையாக இருந்தபோது வந்த போலியோ அதைச் சூம்ப வைத்துவிட்டுப் போயிருந்தது. தொடையிலிருந்து குதிகால் வரை இரும்புக் கம்பி, தோல் வார், அடியில் ஒரு கனத்த பூட்ஸ். இந்தக் காலிப்பரை மாட்டிக்கொண்டால்தான் என்னால் நிற்கவே முடியும். நடந்தால் 'டங், டங்' என்று சத்தம் வரும். பட்டாபிராமில் எங்கள் தெருவில் நான் வருகிறேனா என்று யாரும் எட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் பண்ணியிருந்தேன். நைனா முன்பு ஆவடிப் பக்கம் வயல் கூலிக்குப் போனவர். வயல்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்த பிறகு பாடியில் ஒரு குடோனில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். முதுகு வளைய ஆரம்பித்திருந்தது. நான் வேலைக்குப் போனால் அவர் கொஞ்சம் நிமிரலாம் என்பதுதான் எங்கள் வீட்டுக் கணக்கு.

தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கேட்டுக்குப் பக்கத்திலிருந்த சின்ன அறையிலேயே மேனேஜர் என்னைப் பார்த்தார். டைப்படித்த தாளைப் பார்த்தவர் முகத்தில் திருப்தி தெரிந்தது. அப்புறம் காலைப் பார்த்தார்.

"ஆபீஸ் மாடியிலம்மா. தினம் ஏறி இறங்கணும். முடியுமா?"

"முடியும் சார்."

"சரி. ஒண்ணாம் தேதி வந்து ஏறிக் காட்டு. அப்புறம் ஆர்டர் தர்றேன்."

அவர் பார்த்துக்கொண்டிருக்கிறாரே என்று வீறாப்பாகக் கொஞ்சம் வேகமாகவே நடந்து வெளியே வந்தேன். அந்த வீறாப்புக்குக் கை மேல் பலன் கிடைத்தது. தெருமுனை திரும்புவதற்குள் முழங்கால் பக்கத்தில் ஒரு கம்பி விட்டுப்போய்விட்டது. அப்படியே ஒரு ஷெட்டின் வாசலில் கிடந்த சிமெண்ட் கல் மேல் உட்கார்ந்து, காலிப்பரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். புதுக் காலிப்பர் வேண்டுமென்றால் பெரிய ஆஸ்பத்திரியில் பெயர் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஒண்ணாம் தேதி அதற்கெல்லாம் காத்திருக்காது. அழவில்லை, ஆனால் யாராவது பக்கத்தில் வந்து "ஐயோ பாவம்" என்றால் கடித்து வைத்திருப்பேன்.

அப்போது சாப்பாட்டு மணி அடித்து, அந்த ஷெட்டுக்குள்ளிருந்து பெண்கள் சிலர் வெளியே வந்தார்கள். புடவைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டை, தலையில் துணி, கையெல்லாம் தேங்காய் எண்ணெய். கண்ணாடி நாரைப் பிசினில் ஊறவைத்துப் பொருள் செய்கிற ஃபைபர் கம்பெனி அது. அந்த நார்த்தூள் தோலில் பட்டால் அரித்துப் பிடுங்கும் என்பதற்காகத்தான் எண்ணெயும் சட்டையும். அவர்கள் மேல் அடித்த பிசின் வாடைக்குப் பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று பின்னால் சொல்லிச் சிரித்தார்கள்.

அவர்களில் மூத்தவர், எல்லோரும் பெரியக்கா என்று கூப்பிட்டவர், என் கையிலிருந்த காலிப்பரைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாமே இது, இரும்புக் கடையையே கட்டிக்கினு நடக்குற? இத்த மாட்டிக்கினு நீ நடந்ததே பெர்சு."

பாவம் பார்க்காமல் இப்படிப் பேசியது எனக்குப் பிடித்துவிட்டது. ஒண்ணாம் தேதி விஷயத்தைச் சொன்னேன். பெரியக்கா உள்ளே போய் முதலாளியைக் கூட்டி வந்தார். முதலாளி என்றால் பெரிய ஆள் இல்லை. டிப்ளமோ படித்துவிட்டுச் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்திருந்த இளைஞர். நாற்காலி, விளக்கு மூடி, தண்ணீர்த் தொட்டி என்று செய்துகொண்டிருந்தார். காலிப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலின் பின்பக்கம் முழுவதையும் தாங்குகிற மாதிரி ஓடு ஒன்று ஃபைபரில் செய்து பார்க்கலாம், இதுவரை செய்ததில்லை, சரியாக வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். எனக்கு வேறு வழியும் இல்லை.

காலுக்கு அச்சு எடுக்க வேண்டுமே. வயசுப் பொண்ணு காலை ஆம்பளை தொடுவதா என்று பெண்களே முடிவு செய்து முதலாளியை வெளியே அனுப்பிவிட்டார்கள். ஷெட்டின் மூலையில் ஒரு புடவையைத் திரையாகக் கட்டி, என்னைப் பெஞ்சில் உட்கார வைத்து, ஈர மாவுக்கட்டை அவர்களே காலில் சுற்றினார்கள். முதலாளி திரைக்கு அந்தப் பக்கம் நின்று "குதிகால்கிட்ட மடிப்பு வராம பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "வராது, நீ சும்மா இரு சார்" என்று பெரியக்காவும் சொல்லிக்கொண்டே இருந்தார். என் சூம்பின காலை அத்தனை பேர் தொட்டு, ஒருவர் முகத்திலும் அருவருப்பு இல்லாததை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சில நாள் கழித்து நைனாவின் சைக்கிளில் போனபோது ஓடு தயாராக இருந்தது. தோல் நிறத்தில் வேண்டும் என்று கேட்டிருந்தேன். நாற்காலி ஆர்டருக்குக் கலக்கிய நீலம்தான் இருந்தது என்று பளபளவென்று மயில் நீலத்தில் செய்து வைத்திருந்தார்கள். முகம் பார்க்கலாம் போல மினுங்கியது. மாட்டிக்கொண்டு எழுந்தேன். கனமே இல்லை. சத்தமும் இல்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண்கள் என்னை ஷெட்டைச் சுற்றி நடக்கவிட்டுப் பார்த்துவிட்டு, கடையிலிருந்து வடையும் டீயும் வாங்கி வந்தார்கள்.

இரண்டு நாள் ராணி மாதிரி நடந்தேன். மூன்றாவது நாள் அம்பத்தூரில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது நீலக்காலைத் தரையில் ஊன்றினேன். 'படார்' என்று ஒரே சத்தம். குதிகாலுக்கு மேல் அது இரண்டாகப் பிளந்து, நான் ரோட்டில் குப்புற விழுந்தேன். பின்னால் வந்த லாரி போட்ட பிரேக்கில் புழுதி என் மூக்கில் ஏறியது. கண்ணைத் திறந்தால் டயர், கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில். தாடையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். முன்னால் ஒரு சின்ன விரிசல், ஒரு சின்ன ஆட்டம், எதுவுமே கிடையாது. அது வரைக்கும் நன்றாக இருந்தது, அடுத்த நிமிடம் இல்லை. இதுதான் எனக்குப் பயங்கரமாக இருந்தது.

மறுநாள் நைனா என்னை சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து மண்ணூர்பேட்டைக்குத் தள்ளிக்கொண்டு போனார். அம்மாவும் கூடவே நடந்து வந்தாள். நான் உடைந்த இரண்டு துண்டையும் ஷெட்டின் நடுவில் போட்டேன். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். முதலாளி ஒரு துண்டை எடுத்து, உடைந்த விளிம்பை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பெரியக்காவிடம் திரும்பினார்.

"இதுல கோணி எங்க?"

பெரியக்கா தலைத்துணியை அவிழ்த்துக் கையைத் துடைத்தார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

விஷயம் இதுதான். அந்த ஷெட்டில் நாற்காலியானாலும் தொட்டியானாலும் வெளியே ஒரு அடுக்கு கண்ணாடி நார், நடுவில் கோணித்துணி, மறுபடி கண்ணாடி நார் என்றுதான் பிசின் தடவிப் படிய வைப்பார்கள். கண்ணாடி நார் விலை அதிகம், கோணி மலிவு என்று ஆரம்பித்த பழக்கம். என் ஓட்டையும் அப்படித்தான் செய்யச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார் முதலாளி. இந்தப் பெண்கள்தான் தங்களுக்குள் பேசி மாற்றிவிட்டார்கள்.

"கல்யாணம் ஆவ வேண்டிய பொண்ணு கால்ல போய் கோணிய எப்டி சார் சுத்தறது" என்றார் பெரியக்கா கடைசியில். "மனசு கேக்கல. அதான் அல்லாமே கண்ணாடியா போட்டோம். பளபளன்னு வரட்டும்னு பிசினும் கூட ஊத்தினோம். நல்லதா இருக்கட்டும்னுதான்."

என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. விலை உயர்ந்ததை எனக்குப் போட்டிருக்கிறார்கள். அதனால் நான் லாரிக்கு அடியில் போயிருப்பேன். திட்டுவதா, கட்டிக்கொள்வதா?

முதலாளி யாரையும் திட்டவில்லை. பழைய ஃபைபர் தகடுகளிலிருந்து ஒரே அளவில் இரண்டு பட்டை வெட்டினார். ஒன்று வெறும் கண்ணாடி நார். இன்னொன்று நடுவில் கோணி வைத்தது. இரண்டையும் செங்கற்களின் மேல் பாலம் மாதிரி வைத்து, நடுவில் எடைக்கல்லைத் தொங்கவிட்டார். ஒவ்வொரு கல்லாகக் கூட்டிக்கொண்டே போனார். நாங்கள் எல்லோரும் சுற்றி நின்றோம்.

கோணிப் பட்டைதான் முதலில் முனகியது. 'கிர்ர்' என்று ஒரு சத்தம், பிறகு இன்னொன்று. கொஞ்சம் கொஞ்சமாக வளைந்தது. மேலே வெள்ளைக் கோடு மாதிரி ஒன்று விழுந்தது. அப்புறமும் இரண்டாகப் போகாமல் தொங்கிக்கொண்டே இருந்தது. கண்ணாடிப் பட்டை அதைவிட அதிகக் கல்லைத் தாங்கியது. முகத்தில் எதையும் காட்டவில்லை. அடுத்த கல்லைப் போட்டதும் படாரென்று இரண்டாகி, கற்கள் எல்லாம் தரையில் விழுந்தன. முதலாளி காலை இழுத்துக்கொண்டார். எனக்கு மறுபடி அந்த டயர் ஞாபகம் வந்தது.

"கோணி நார் அவ்வளவா இழுபடாது. அது முதல்ல அறுந்துடுது. அந்தச் சத்தம்தான் கேக்குது" என்று அவர் எனக்கு விளக்கினார். "அது அறுந்த பிறகும் வெளியில இருக்கற கண்ணாடி நார் பிடிச்சிட்டிருக்கும். இப்ப ரெண்டு வழி இருக்கு. வெறும் கண்ணாடியையே இன்னும் கனமா போட்டுத் தரலாம். பலம் அதுக்குத்தான் அதிகம். ஆனா எப்ப உடையும்னு என்னால சொல்ல முடியாது. கோணி வெச்சா பலம் கொஞ்சம் கம்மி. ஆனா உடையறதுக்கு முன்னாடி கத்தும். நடக்கப் போறது நீங்க. நீங்கதான் சொல்லணும்."

என் காலைப் பற்றி என்னிடமே கேட்ட முதல் ஆள் அவர்தான். "எனக்குச் சொல்லிட்டு உடையறதே போதும்" என்றேன்.

அம்மாதான் ஒப்பவில்லை. அதுவரை ஓரமாக நின்றவள் முன்னால் வந்தாள்.

"கோணி மூட்டை தூக்கித் தூக்கிதான் இவங்க நைனா முதுகு வளஞ்சி கீது. அதே கோணிய எம்பொண்ணு கால்ல கட்டிக்கினு நடக்கணுமா? இன்னாய்யா நியாயம் இது?"

நைனா தலையைக் குனிந்துகொண்டார். பெரியக்காதான் அம்மா கையைப் பிடித்துப் பெஞ்சில் உட்கார வைத்தார்.

"யம்மா, நாங்க உன்ன மாதிரி நெனச்சிதான் அந்தக் கோணிய வெக்காம வுட்டோம். பாரு, பொண்ணு தாடைல காயம். நாளைக்கு நீயே வா. எந்தக் கோணின்னு நீயே பாத்துக் குடு. நாங்க தொடல."

அம்மா எழுந்து நடந்தாள். ஆனால் மறுநாள் எனக்கு முன்னால் கிளம்பி நின்றாள். ஷெட்டில் புதிதாக வந்திருந்த கோணித்துணி உருளையிலிருந்து தனக்குப் பிடித்த இடமாகப் பார்த்து வெட்டச் சொன்னாள். அதைச் சீயக்காய் போட்டுத் துவைத்தாள். ஈரம் துளி இருந்தாலும் பிசின் ஒட்டாது என்று முதலாளி பயந்தார். அம்மா அதை ஆஸ்பெஸ்டாஸ் கூரை மேல் விரித்து, காலையிலிருந்து சாயங்காலம் வரை கீழே உட்கார்ந்து காவல் இருந்தாள். காய்ந்ததும் மடியில் போட்டுக்கொண்டு, அரிசியில் கல் பொறுக்குவது போல் நீட்டிக்கொண்டிருந்த நார்ச்சிம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டாள். பெண்கள் அதை அடுக்கில் வைத்துப் பிசின் தடவியபோது அவளும் எண்ணெய் தடவிக்கொண்டு, நைனாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே நின்றாள். ராத்திரி முழுவதும் கையைச் சொறிந்துகொண்டே இருந்தாள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

இரண்டாவது ஓடும் அதே மயில் நீலம்தான். பளபளப்பு மட்டும் இல்லை, தடிமன் கொஞ்சம் கூட. போட்டுப் பழக ஒரே ஒரு நாள்தான் கிடைத்தது.

ஒண்ணாம் தேதி காலையில் கம்பெனி மாடிப்படியின் கீழே நின்றேன். மேனேஜர் மேலே. இரண்டு மூன்று குமாஸ்தாக்களும் எட்டிப் பார்த்தார்கள். அம்மா கேட் பக்கம் நின்றாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது அக்கம்பக்கத்தார் எல்லாம் ஒரே புத்திதான் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலிச்சாலும் முகத்துல காட்டாத, நடுவுல நிக்காத, சிரிச்சிக்கினே ஏறிடு.

அப்படித்தான் ஏறினேன். நேரான சிமெண்ட் படி. கம்பியைப் பிடித்து, நல்ல காலை வைத்து, நீலக்காலை இழுத்து, அடுத்த படி. பாதிக்கு மேல் போய்விட்டேன். அப்போது குதிகால் பக்கத்தில் 'கிர்ர்' என்றது.

அந்த ஒரு விநாடியில் எனக்கு எத்தனை யோசனை. இன்னும் கொஞ்சம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிடலாம். நின்றால் வேலை போச்சு, நைனா முதுகு போச்சு. இன்னொரு படி வைத்தேன். மறுபடி 'கிர்ர்', இந்த முறை கொஞ்சம் நீளமாக. கீழே பார்த்தேன். நான் ஏறி வந்த படிகள் அத்தனையும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன.

நின்றுவிட்டேன். கம்பியைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தேன்.

"முடியலன்னா விட்டுடும்மா" என்றார் மேனேஜர் மேலிருந்து. கோபமாக இல்லை, தன்மையாகத்தான் சொன்னார். அந்தத் தன்மைதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

"முடியும் சார். இது கத்துது. கத்தினா கழட்டணும்."

வாரை அவிழ்த்து ஓட்டைக் கழற்றினேன். குதிகாலுக்கு மேல் ஒரு வெள்ளைக் கோடு விழுந்திருந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டேன். பிறகு படிக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக மேலே ஏறினேன். குழந்தையில் எங்கள் வீட்டு வாசற்படியை அப்படித்தான் ஏறுவேன். வயது வந்த பிறகு வெளியாள் முன்னால் செய்ததில்லை. புடவை அழுக்காயிற்று. வெட்கமாக இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். காதெல்லாம் எரிந்தது. மேல்படிக்கு வந்ததும் கம்பியைப் பிடித்து ஒற்றைக் காலில் எழுந்து நின்றேன்.

"மெஷின் எங்க சார்?"

ஒரு குமாஸ்தா ஓடிப்போய் நாற்காலியைக் கொண்டு வந்தார். மேனேஜர் ஒரு தாளைக் கொடுத்தார். விரல் எழுத்தை மறக்கவில்லை. அடித்ததை வாங்கிப் பார்த்தார். பிழை இருக்கிறதா என்று தேடுகிறார் என நினைத்தேன். அவர் தேடியது வேறு எதையோ. தாளை மேஜையில் வைத்துவிட்டுப் பியூனைக் கூப்பிட்டார்.

"இந்த மெஷினைக் கீழ ஸ்டோர் பக்கத்துல போடு. பேப்பரை எடுத்துட்டு நாம ஏறி இறங்கலாம். நமக்குக் கால் நல்லாத்தானே இருக்கு."

அன்று சாயங்காலமே அம்மாவும் நானும் ஓட்டோடு மண்ணூர்பேட்டைக்குப் போனோம். அந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் முதலாளியின் முகம் மாறியது. இன்னும் சில படி ஏறியிருந்தால் போயிருக்கும் என்றார். குதிகால் இடத்தில் இன்னும் இரண்டு அடுக்கு வைத்துக் கெட்டிப்படுத்தினார்கள். பெரியக்கா வேலை கிடைத்த செய்தியைக் கேட்டு என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழிய விரலை நெட்டி முறித்தார், அந்தப் பிசின் வாடை என் முகத்திலேயே வீடு வரை வந்தது. அம்மா அதன் பிறகு தெருவில் எல்லோரிடமும், என் பொண்ணு கால்ல கீறது நான் தோச்ச கோணி என்று தானாகவே சொல்ல ஆரம்பித்தாள்.

அந்தக் கம்பெனியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். நைனா அடுத்த வருடமே மூட்டை தூக்குவதை விட்டார். எத்தனையோ ஓடுகள் மாறிவிட்டன. சமீபத்தில் ஒரு கடையில் இரண்டு மூன்று விதமான நார்களைக் கலந்து செய்த புது மாதிரியைக் காட்டி, இது உடையவே உடையாதும்மா என்றான் அந்தப் பையன். உடையறதுக்கு முன்னாடி கத்துமா என்று கேட்டேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

எவ்வளவு வலித்தாலும் வாய் திறக்காத பொண்ணு என்று அந்த நாளில் எனக்கு எங்கள் தெருவில் நல்ல பெயர் இருந்தது. அந்த நல்ல பெயரை மாடிப்படியிலேயே விட்டுவிட்டு மேலே போனதுதான் என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான காரியம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.